பதில் வராத விண்ணப்பம்



அடையாற்றில் நான் குடியிருக்கும் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். பொறியியல் பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. சிறுவயதில் என்னிடம் இலக்கணம் கற்றவர் ஆகையால், இன்றும் என்னைக் கண்டால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் அவர் முகம் வாடியிருக்கக் கண்டு காரணம் வினவினேன். "சார், ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குப் போய் வந்து ஐந்து வாரம் ஆயிற்று. நன்றாகத்தான் பேசினார்கள். 'சொல்லியனுப்புகிறோம்' என்றார்கள். அதன்பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. நானாகவே எழுதிக் கேட்கலாமா? கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, கிடைக்க இருந்ததையும் கெடுத்துவிடுவார்களோ?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த கைப்பேசியை மூன்று முறை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு. விண்ணப்பம் எழுதும் முறையை நாங்கள் பள்ளியில் கற்பித்திருக்கிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று வரிசை தவறாமல் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறோம். நேர்காணலில் எவ்வாறு அமர்வது, எவ்வாறு விடையிறுப்பது என்று சொல்லித் தருவோரும் இன்று பலர் உளர். ஆனால் விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு, நேர்காணல் முடிந்து வெளியே வந்த பிறகு, செய்யவேண்டியது யாது என்பதை நான் கற்பித்த பாடநூல் எதுவும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்த நானும் வகுப்பில் அதைச் சொன்னதில்லை. இத்தனைக்கும், அதை அறியாமையால் நான் பட்ட பாடு சிறிதன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1983-ஆம் ஆண்டு. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி முடித்திருந்தேன். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில் எங்கள் குடும்பம் ஒட்டுக்குடித்தனம் இருந்தது. நகரின் தென்பகுதியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் பணிக்கு விண்ணப்பித்து, மே மாதத்தில் நேர்காணலுக்குச் சென்றேன். கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொன்னேன். "முடிவு செய்து எழுதுகிறோம்" என்றார்கள். ஜூன் முதல் வாரத்தில் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தவே, நாங்கள் மேற்கு மாம்பலத்துக்குக் குடிபெயர்ந்தோம். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றியது நினைவிருக்கிறது. பள்ளிக்குப் புதிய முகவரியைத் தெரிவிக்கவேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. "ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாயேன்" என்று என் தந்தையார் பலமுறை சொன்னார். "தகுதி இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள், அப்பா. நாமாகப் போய் நிற்பது பிச்சை கேட்பதுபோல் ஆகும்" என்று நான் மறுத்துவிட்டேன். வீடு வீடாகச் சென்று தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துக் காலந்தள்ளினேன்.

மறு ஆண்டு பங்குனியில், கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவன்று, தெற்கு மாடவீதிக் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் எழுத்தர் என்னைக் கண்டுகொண்டார். வயதானவர். என் தோளைப் பற்றி நிறுத்தி, "என்ன தம்பி, நீர்பாட்டுக்கு வராமலே இருந்துவிட்டீரே! ஜூன் மாதமே உமக்கு ஆர்டர் அனுப்பினோம். 'வீடு மாறிப் போய்விட்டார்' என்று எழுதித் தபால்காரர் திருப்பிவிட்டார். பத்து நாள் பார்த்தோம், அப்புறம் அடுத்த ஆளைப் போட்டுவிட்டோம்" என்றார். நாயன்மார்களின் பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

அதன்பின் நிலையான வேலை எனக்குக் கிடைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று. அதனால் என் தங்கையின் திருமணம் தள்ளிப்போயிற்று. ஓர் அஞ்சலட்டை போதும். இத்தனையும் நேராமல் இருந்திருக்கும். தன்மானம் என்று நான் பெயரிட்டு வைத்திருந்ததைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது, 'இல்லை' என்னும் சொல்லைக் காதால் கேட்க நேருமோ என்ற அச்சமாகவே அது தெரிந்தது.

நிற்க. இதே சென்னையில், எனக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் வேலை தேடி அலைந்த ஒருவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். கணிதமேதை சீனிவாச இராமானுஜனை அறியாத மாணவர் இல்லை. ஆயினும் அவரை வேலை தேடிய இளைஞராக நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கணிதம் ஒழிந்த மற்றப் பாடங்களில் தவறி எப்.ஏ. தேர்வில் தேறாதவர், 1909-இல் மணமானவர், கையில் காசில்லாதவர், உடைமை என்று சொல்லத்தக்கது கணக்குகள் எழுதிய குறிப்பேடு ஒன்றே. அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1910-இல் அவர் திருக்கோவலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். தம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தரும்படி இராமானுஜன் அவரைக் கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகையவரைத் தாலுகா அலுவலகத்தில் அடைத்துவைக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அனுப்பிவைத்தார். அவர்கள் வழியே, அந்த ஆண்டு டிசம்பரில், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் அவர்களை இராமானுஜன் சென்று கண்டார்.

இந்தச் சந்திப்பைப்பற்றி இராமச்சந்திர ராவே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அதில் நம் பேச்சுக்கு வேண்டிய பொருள் முழுவதும் இருக்கிறது. குள்ளமான, பருத்த, முகம் மழிக்காத ஓர் இளைஞர், கண்கள் மட்டும் ஒளிவிட, கிழிந்த குறிப்பேட்டுடன் வந்து நின்றார். தம் முடிவுகளை விளக்கத் தொடங்கினார். கேட்டவர் கணிதம் பயின்றவரே. எனினும் வந்தவர் சொல்வது உண்மையா பிதற்றலா என்று அவரால் துணிய முடியவில்லை. ஆகவே முடிவொன்றும் கூறாமல், மறுபடி வரும்படி சொல்லி அனுப்பினார்.

'மறுபடி வாருங்கள்' என்ற சொல்லை நம்மில் பலர் எப்படி எடுத்துக்கொள்வோம்? நயமாக மறுத்துவிட்டார் என்று எண்ணி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் செய்தேன். இராமானுஜன் மறுபடி சென்றார். இரண்டாம் முறை அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. முதல்முறை காட்டியதையே மீண்டும் காட்டவில்லை. தம் எதிரே அமர்ந்திருப்பவருக்கு எவ்வளவு விளங்கும், எவ்வளவு விளங்காது என்பதை முந்தைய சந்திப்பிலேயே அளந்துவைத்திருந்தார். ஆதலின் எளிய முடிவுகள் சிலவற்றை முதலில் எடுத்துக்காட்டினார். அவை அன்று வழக்கிலிருந்த நூல்களில் இல்லாதவை; ஆயினும் கேட்பவர் தாமே சரிபார்க்கக்கூடியவை. நம்பிக்கை பிறந்தபின் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். இறுதியில், "உமக்கு என்ன வேண்டும்?" என்று ராவ் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாட்டுக்கு ஏதேனும் வேண்டும் என்று நேராகச் சொன்னார் இராமானுஜன். சுற்றி வளைக்கவில்லை, 'தங்கள் சித்தம்' என்று குழையவும் இல்லை. சிறிது காலம் இராமச்சந்திர ராவ் தம் கைப்பொருளிலிருந்தே அவருக்கு மாதந்தோறும் உதவி வந்தார்.

பிறர் பொருளில் நெடுநாள் வாழ அவருக்கு விருப்பமில்லை. 1912-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிகமாக வேலை பார்த்தார். பிறகு பிப்ரவரி 9-ஆம் நாள், திருவல்லிக்கேணியில் தாம் தங்கியிருந்த இல்லத்திலிருந்து, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். அந்த விண்ணப்பம் இன்றும் நூல்களில் அச்சாகியிருக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும். சில வாக்கியங்களே. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், இடையூறுகளால் மேலே தொடர இயலாமற்போனதையும் கூறி, தம் காலம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருவதையும் தெரிவித்து, வேலையைச் செம்மையாகச் செய்ய முடியும் என்ற உறுதியோடு முடிக்கிறார். அதனுடன் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றையும் இணைத்திருந்தார். மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

வேலை கிடைத்ததும் அவர் ஓய்ந்துவிட்டாரா? துறைமுகக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், அங்கே மேலாளராக இருந்த எஸ். நாராயண ஐயரும் ஊக்குவிக்க, இங்கிலாந்துக்கு மடல்கள் போயின. இலண்டனிலிருந்து பேராசிரியர் ஹில் என்பவர் குறைகளைச் சுட்டிக்காட்டி, முடிவிலாத் தொடர்களைப்பற்றிய ஒரு நூலைப் படிக்குமாறு எழுதினார். கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன் விளையவில்லை என்பர். பிறகுதான், 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்ட மடல் ஹார்டிக்குப் போயிற்று. ஹார்டியின் மறுமொழி பிப்ரவரி 8-ஆம் நாளிட்டது. அதில் பாராட்டு இருந்தது, நிரூபணங்கள் வேண்டும் என்ற கண்டிப்பும் இருந்தது.

ஹார்டிக்கு எழுதிய முதல் மடலைப்பற்றி உலகம் முழுதும் பேசுகிறது. நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது, பிப்ரவரி 27-ஆம் நாள் அவர் எழுதிய இரண்டாம் மடலை. அதில் புதிய முடிவுகள் பலவற்றைச் சேர்த்திருந்தார். அனுதாபத்தோடு தம் உழைப்பை நோக்கும் ஒருவரைக் கண்டதற்கு நன்றி கூறினார். தாம் பாதிப் பட்டினியாக இருப்பதையும், மூளை வேலை செய்ய உணவு வேண்டியிருப்பதையும் மறைக்காமல் எழுதி, ஹார்டியிடமிருந்து ஆதரவான ஒரு மடல் வந்தால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை பெறத் துணையாகும் என்று தெரிவித்தார். பெறுகிறவர் தாம் செய்யவேண்டியது இன்னது என்று ஐயமின்றி அறியும்படி எழுதிய மடல் அது. அதே நாள்களில் வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து குறிப்பேட்டைப் பார்வையிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். 1913 மே முதல் நாளிலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் கப்பலேறினார். 1919-இல் நோயாளியாகத் திரும்பி, அன்று எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று வழங்கிய இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையிலும், லஸ் சர்ச் சாலையிலும் சிறிது காலம் தங்கியிருந்தார். அந்தச் சாலைகளில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய கணக்குகள் நினைவுக்கு வருவதில்லை. அவை என் அறிவுக்கு எட்டாதவை. நெல்லூரில் இரண்டாம் முறை கலெக்டரின் கதவருகே நின்ற அந்த இளைஞர்தான் நினைவுக்கு வருகிறார்.

'மேதைக்குப் பொருந்தியது எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஆகவே இனி என் மேசைக்கு வருகிறேன். பிற்காலத்தில் நானே ஒரு தனியார் உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து, புதிய ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் குழுவில் பலமுறை அமர்ந்தேன். மேசையின் இந்தப் பக்கம் இருக்கும்போது, அந்தப் பக்கத்தில் நிலவும் மௌனம் அவமதிப்பாகத் தோன்றும். அந்தப் பக்கம் போய் அமர்ந்த பிறகுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. செயலாளர் வெளியூர் போயிருப்பார். பணியிடத்துக்கு ஒப்புதல் வந்திராது. முதலில் தெரிவு செய்யப்பட்டவர் சேருவாரா மாட்டாரா என்று காத்திருப்போம். பொதுத்தேர்வு வந்துவிட்டால் எல்லாக் கோப்புகளும் அலமாரிக்குள் போய்விடும். விண்ணப்பித்தவரைப்பற்றி நல்லெண்ணமோ தீயெண்ணமோ ஒன்றும் இராது. அவரை நாங்கள் மறந்தே இருப்போம்.

ஒருமுறை கணித ஆசிரியர் பணிக்கு வந்த அம்மையார் ஒருவருடைய விண்ணப்பம் என் அறையிலேயே காணாமற்போயிற்று. குழு கூடியபோது அவர் பெயர் எவர் நினைவிலும் இல்லை. நான்கு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. இன்ன நாள் நேர்காணலுக்கு வந்ததையும், முடிவைப்பற்றி அறிய விரும்புவதையும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு செய்தியைச் சேர்த்திருந்தார். நேர்காணலில் நான், பின்னங்களைக் கண்டு அஞ்சும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டிருந்தேனாம். அன்று சரியாக விடை சொல்லவில்லை என்று பிறகு தோன்றிற்றாம். காகிதத்தை மடித்துக் காட்டும் ஒரு முறையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் செய்துபார்த்து, அதை அரைப்பக்கத்தில் எழுதியிருந்தார். கோப்பைத் தேடி எடுக்கச் சொன்னேன். வருகைப் பதிவேட்டின் நடுவே அது செருகிக் கிடந்தது. தவறு முழுவதும் என்னுடையது. அந்த மடல் வந்திராவிட்டால் என் பிழையை நான் அறிந்திருக்கவே மாட்டேன்; எங்கள் பள்ளிக்கு வாய்த்த மிகச் சிறந்த கணித ஆசிரியரையும் இழந்திருப்போம்.

அதே பணிக்கு வந்த இன்னோர் இளைஞர், நாள்தோறும் காலையில் பள்ளி வாயிலில் வணக்கம் சொல்லி நிற்பார். மாலையில் தொலைபேசியில் அழைப்பார். மூன்றாம் நாள் என் மைத்துனரைப் பிடித்துவிட்டார். ஐந்தாம் நாள் எங்கள் வட்டாரத்துப் பிரமுகர் ஒருவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வந்தது. அவர் திறமையற்றவர் என்று சொல்லமாட்டேன். ஆனால், 'இவரை எடுத்துக்கொண்டால் சம்பள உயர்வுக்கும் மைத்துனர் வருவார்' என்று குழுவிலிருந்த ஒருவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அத்தோடு முடிந்தது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது தாயிடம் செல்லும். அலுவலகத்தில் அழுகிற பிள்ளையைக் கண்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மையாரும் நினைவூட்டினார், இளைஞரும் நினைவூட்டினார். முன்னவர் ஒருமுறை வந்தார், எங்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கையில் கொண்டுவந்தார். பின்னவர் பத்துமுறை வந்தார், தம் தேவையை மட்டுமே கொண்டுவந்தார். நெல்லூருக்கு இரண்டாம் முறை போனவரோடு இவர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்முறைக்கு வருவோம். நேர்காணல் முடிந்து எழும்போதே, "முடிவை எப்போது எதிர்பார்க்கலாம், ஐயா?" என்று பணிவாகக் கேட்டுவிடவேண்டும். இதைக் கேட்பதற்குக் கூசாதீர்கள். கேட்டதற்காக ஒருவரையும் நாங்கள் நிராகரித்ததில்லை. அன்று மாலையோ மறுநாளோ, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி தெரிவித்து நான்கு வரி எழுதலாம். அவர்கள் குறித்த நாள் கடந்தபின் ஒரு வாரம் பொறுங்கள். நாள் ஒன்றும் குறிக்கவில்லையானால் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். அதன்பின் இவ்வாறு எழுதலாம்:

'ஐயா, வணக்கம். இம்மாதம் 4-ஆம் நாள் கணக்கர் பணிக்கான நேர்காணலில் தங்களைச் சந்தித்தேன். முடிவு பற்றித் தங்களிடமிருந்து செய்தி எதிர்பார்த்திருக்கிறேன். அன்று கேட்ட கணினிக் கணக்குப் பயிற்சியை இப்போது முடித்துவிட்டேன். சான்றிதழின் படியை இணைத்திருக்கிறேன். மேற்கொண்டு ஏதேனும் ஆவணம் தேவையாயின் அனுப்பிவைப்பேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன.'

இவ்வளவு போதும். குடும்ப வறுமையை விரித்து எழுதவேண்டாம். இராமானுஜன் எழுதினாரே என்பீர்கள். அவர் தம்மைப் புரிந்துகொண்ட ஒருவருக்கு, பதில் வந்தபின், பக்கம் பக்கமாகக் கணக்கோடு சேர்த்து எழுதினார். 'ஏன் இன்னும் பதில் இல்லை?' என்ற தொனி எங்கும் தலைகாட்டக்கூடாது. மின்னஞ்சலில் எழுதுவதாயின், முன்பு வந்த மடலுக்கே மறுமொழியாக எழுதினால் எதிர்ப்பக்கத்தார் பழைய செய்தியைத் தேடவேண்டிய தொல்லை இராது. வாட்ஸப்பில் வெறும் 'ஹாய்' என்று அனுப்பிவிட்டு நீல நிறக் குறி விழுகிறதா என்று பார்த்திருப்பதை நான் வெறுக்கிறேன்; கிழவனின் கருத்து என்று தள்ளினாலும் சரி. அவர்கள் அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு முன்னரே எழுதியிருந்தாலன்றி அவ்வழி வேண்டாம். குப்பை மடல்கள் சேரும் பகுதியையும் நாள்தோறும் ஒருமுறை பாருங்கள். முன்னாளில் வீடு மாறியவனைத் தேடித் தபால் திரும்பிற்று. இன்று அழைப்பு மடல் வீட்டுக்குள்ளேயே வந்து குப்பைத்தொட்டியில் கிடக்கிறது.

முதல் நினைவூட்டலுக்கும் பதில் இல்லையா? மேலும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எழுதலாம். அல்லது அலுவலக நேரத்தில் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசலாம். அதற்கும் மேல் வேண்டாம். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, யாருக்கு, எந்நாளில், எந்தப் பணிக்கு எழுதினேன், யாரோடு பேசினேன், என்ன சொன்னார்கள் என்று எழுதிவைப்பது நல்லது. இருபது இடங்களுக்கு விண்ணப்பித்தவர், அழைத்தவர் யார் என்றே தெரியாமல் தொலைபேசியில் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். முகவரியோ எண்ணோ மாறினால் அந்தக் குறிப்பேட்டிலுள்ள அனைவருக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

'இல்லை' என்று பதில் வந்தாலும் நன்றி கூறி இரண்டு வரி எழுதுங்கள். முதலில் தெரிவானவர் சேராமற்போவது நீங்கள் எண்ணுவதைவிட அடிக்கடி நடக்கிறது. 1983-இல் என் இடத்தில் அமர்ந்தவர் அவ்வாறு வந்தவர்தாமே!

அரசாங்கப் பணிகளின் வழி வேறு. இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாக 1929-இல் தேர்வாணையம் அமைத்தது நம் சென்னை மாகாணம். தெரிவு செய்கிறவரை யாரும் சென்று பார்க்கவேண்டியதில்லை என்பதுதான் அத்தகைய அமைப்பின் உயிர். அதனால் உறுப்பினரையோ அலுவலரையோ நேரிலோ பிறர் மூலமோ அணுகுவது விண்ணப்பத்தையே தள்ளுபடி செய்யப் போதுமான குற்றமாகும். தனியார் நிறுவனத்தில் நன்றாகத் தோன்றும் நன்றி மடல்கூட அங்கே வேண்டாதது. அங்கே பின்தொடர்தல் என்பது இணையதளத்தையும் அறிவிக்கையையும் ஊன்றிப் பார்ப்பதும், பதிவெண்ணைப் பாதுகாப்பதும், சான்றிதழ் சரிபார்ப்பு நாளைத் தவறவிடாமல் இருப்பதுமே. நெடுநாள் முடிவு தெரியாவிட்டால் சட்டமே ஒரு வழி வகுத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி, தேர்வு எந்நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். பொதுவாக முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும். இதில் எவரையும் கெஞ்சுவதுமில்லை, எவர் மனமும் புண்படுவதுமில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப்பற்றியும் ஒரு சொல். சாந்தோமில் அந்த அலுவலகம் இருந்த காலத்தில், விடியற்காலையிலேயே கையில் சான்றிதழ்களோடு இளைஞர்கள் வரிசையில் நின்றதை மயிலாப்பூர்வாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று பதிவும் புதுப்பித்தலும் இணையம் வழியே நடக்கின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால், காத்திருந்த காலத்தின் மூப்பு போய்விடும். தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அளித்ததுண்டு. அதை நம்பி இருக்கலாகாது. பத்தாண்டு காத்திருந்து, புதுப்பிக்க மறந்து, வரிசையின் கடைசிக்குப் போன ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களை நான் அறிவேன். அவர்களிடம் இல்லாதது கல்வியன்று, நாட்காட்டியில் ஒரு குறி.

அடையாற்று இளைஞரை மறந்துவிடவில்லை. மேற்சொன்ன முறையிலேயே ஒரு மடலை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அதில் 'தயவுசெய்து' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது, மூன்றை அடித்தேன். நேர்காணலில் கேட்கப்பட்ட ஒரு கணினிச் சிக்கலுக்குப் பிறகு தாம் கண்ட தீர்வை இரண்டு வரியில் சேர்க்கச் சொன்னேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த இடம் இரண்டு வாரத்துக்கு முன்பே நிரப்பப்பட்டுவிட்டதாம். தெரிவிக்கத் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து, அடுத்த காலியிடம் வரும்போது விண்ணப்பிக்கும்படி எழுதியிருந்தார்கள்.

மடலை எனக்குப் படித்துக் காட்டினார். முகம் சற்று நேரம் சுருங்கியிருந்தது. பிறகு, "ஐந்து வாரமாக இந்த ஓர் இடத்தையே நினைத்துக்கொண்டு வேறு எங்கும் அனுப்பாமல் இருந்துவிட்டேன், சார்" என்றார். அன்று இரவு பதினோரு மணி வரையில் அவர் வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது கேட்டேன். கிண்டியில் இரண்டும் தரமணியில் ஒன்றுமாக மூன்று விண்ணப்பம் அனுப்பியிருந்தார். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது.